பழைய .303 ரைபிளுக்குத் தோட்டா நிரப்பும் முன் பார்க்க வேண்டியவை

குமரி மாவட்டத்து அருமனையில் பிறந்து, இப்போது நியூசிலாந்தின் தென் தீவில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விக்கான பதில் இது. பக்கத்துப் பண்ணைக்காரரிடமிருந்து பழைய .303 லீ-என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைபிள் ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். ராணுவத்தில் இருந்த ரைபிளின் முன்கட்டையை யாரோ அறுத்து, பின்கட்டையைச் செதுக்கி, ஸ்கோப் பொருத்தி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றியிருக்கிறார்கள். கடையில் வாங்கிய புதுத் தோட்டாக்களைப் போட்டுச் சுட்டால் நூறு மீட்டரில் ஒரு சாண் அகலத்துக்குச் சிதறுகிறது. ஒரு தடவை, குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை இழுத்தபோது தோட்டாவின் வெடித்த பித்தளைக் கூட்டின் அடிப்பாகம் மட்டும் வெளியே வந்து, மீதி தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. "கையால் தோட்டா நிரப்பினால் குறி ஒழுங்காக விழும் என்கிறார்கள். எந்த வெடிமருந்து, எத்தனை கிரெயின் எடை என்று சொல்லுங்கள் அண்ணன். லீவுக்கு ஊருக்கு வரும்போது கருவிகளையும் கொண்டுவந்து உங்களிடமே பழகிக்கொள்ளட்டுமா?" என்று எழுதியிருக்கிறார்.

ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். இந்த ரைபிள்களைக் கழற்றியும் மாட்டியும் அளந்தும்தான் என் வேலைக்காலம் போனது. தம்பியின் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதில் தாமதம் கூடாது.

ஊருக்கு எதையும் கொண்டுவராதீர்கள். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது நம் நாட்டில் குற்றம். தோட்டாவின் பாகங்களும், தோட்டா செய்யும் கருவிகளும் அந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளேயே வருகின்றன. .303 இங்கே பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. வெடிமருந்தையும், அதைப் பற்றவைக்கும் கேப்பையும் விமானத்தில் ஏற்றவே முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் பலர் யோசிக்காத ஒன்று உண்டு: ஞாபகார்த்தமாகப் பையில் கிடக்கும் ஒரு காலிக்கூடு போதும், திருவனந்தபுரம் விமான நிலையத்தில் உங்கள் லீவு காவல் நிலையத்தில் கழிய. அங்கே வேட்டைக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். வேறு பை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேட்டையும் அப்படித்தான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கீரிப்பாறையிலும் பேச்சிப்பாறை மலைகளிலும் துப்பாக்கிக்கு வேலை இல்லை. நம் காடுகளில் பெரும்பகுதி 2008 முதல் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயமாக இருக்கிறது. அது சரியான முடிவு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. நீங்கள் இருக்கும் நாட்டின் கதை வேறு. வௌவாலைத் தவிர அங்கே நிலத்தில் வாழும் சொந்தப் பாலூட்டி எதுவும் கிடையாது. மான், தார் ஆடு, பன்றி எல்லாம் வெளியிலிருந்து கொண்டுபோய் விடப்பட்டவை. நம் மலைகளில் மேயும் மிளாவின் (கடமான்) இனமும் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து அங்கே போயிற்று. வடக்குத் தீவில் இன்றும் இருக்கிறது. அவை பெருகினால் அந்த நாட்டுக் காடு அழியும் என்பதால் அரசே அனுமதிச் சீட்டு கொடுத்துச் சுடச் சொல்கிறது. துப்பாக்கி உரிமம் உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்வதும் அங்கே வழக்கம். எனவே பழகுவதை அங்கேயே, அந்த ஊர் சுடும் சங்கத்தில் அனுபவமுள்ள ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகுங்கள். நான் இங்கிருந்து சொல்லித்தர முடிந்ததை எழுத்தில் தருகிறேன்.

இப்போது ரைபிளுக்கு வருவோம். எத்தனை கிரெயின் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கேள்வி அல்ல, அறுந்த கூடு. அதற்குக் காரணம் தெரியும்வரை அந்த ரைபிளில் இன்னொரு தோட்டாவைப் போடாதீர்கள். பலமுறை நிரப்பிய பழைய கூடு அறுந்தால் அது கூட்டின் களைப்பு. கடையிலிருந்து வந்த புதுக்கூடு முதல் வெடியிலேயே அறுந்தால் பெரும்பாலும் ரைபிளில்தான் கோளாறு.

லீ-என்ஃபீல்டின் அமைப்பைச் சொன்னால் இது விளங்கும். .303 கூட்டின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு ஒன்று உண்டு. அறைக்குள் எவ்வளவு தூரம் போய்க் கூடு நிற்க வேண்டும் என்பதை அந்த விளிம்புதான் முடிவு செய்கிறது. விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் நடுவில் இடைவெளி கூடிவிட்டால், வெடிக்கும் கணத்தில் கூட்டின் மெல்லிய முன்பாகம் அறைச்சுவரை இறுகப் பிடித்துக்கொள்ளும். தடித்த அடிப்பாகம் மட்டும் பின்னால் தள்ளப்படும். இரண்டுக்கும் நடுவே, அடியிலிருந்து ஒரு விரல் தடிமன் மேலே, பித்தளை இழுபட்டு மெலியும். அளவுக்கு மீறி மெலிந்தால் அங்கேயே அறும். போதாததற்கு இந்த ரைபிளின் பூட்டுக்கட்டைகள் போல்ட்டின் பின்பக்கத்தில் இருக்கின்றன. ஜெர்மானிய மௌசர் ரைபிளைப் போல முன்பக்கத்தில் இல்லை. எனவே அழுத்தம் வரும்போது போல்ட் முழுவதும் சற்றே அமுங்கும், அதைத் தாங்கும் இரும்பு உடலும் சற்றே நீளும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனால் பித்தளைக்குத் தெரியும். அறையும் தாராளமானது. முதல் உலகப் போரின் சேற்றிலும் மணலிலும் தோட்டா சிக்காமல் உள்ளே போக வேண்டும் என்பதற்காக ராணுவ அறைகளைப் பெரிதாகவே வெட்டினார்கள். சிப்பாய்க்கு அது உயிர்காப்பு. ஒரே கூட்டைத் திரும்பத் திரும்ப நிரப்பும் வேட்டைக்காரருக்கு அதுவே தலைவலி.

ஆகவே முதல் செலவு மருந்துக்கு அல்ல, துப்பாக்கிப் பட்டறைக்கு. .303 தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய் இடைவெளியை கேஜ் என்ற அளவுக்கட்டை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் ராணுவ அளவு இப்படி: 0.064 அங்குல கேஜில் போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜில் மூடவே கூடாது. தனியார் பட்டறைகள் இதைவிட இறுக்கமான அளவையே கேட்கும், அது நல்லது. போல்ட்டின் கைப்பிடி அடியில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். போருக்குப் பின் குவியலாக விற்ற ரைபிள்களில் ஒன்றின் போல்ட் இன்னொன்றுக்குப் போவது சர்வ சாதாரணம். லீ-என்ஃபீல்டில் நம்பர் 1, நம்பர் 4 என்று வகைகள் உண்டு. உங்களுடையது நம்பர் 4 என்றால் போல்ட் தலை தனியாகக் கழன்று வரும்; 0, 1, 2, 3 என்று எண் பொறித்த தலைகள் ஒன்றைவிட ஒன்று நீளமானவை. தலையை மட்டும் மாற்றினாலே இடைவெளி சரியாகிவிட வாய்ப்பு உண்டு. நம்பர் 1 மார்க் 3 என்றால் அப்படி எண் இருக்காது. பல தலைகளைப் போட்டுப் பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

அதே நாளில் அறையை வார்ப்பு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் .303 கூட்டின் கழுத்தைச் சுருக்கி .25 அளவுக் குண்டு போடும்படி ஏராளமான ரைபிள்களை மாற்றினார்கள். கடல் தாண்டிக் கைமாறிய ரைபிளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்பதை நம்புவதைவிட உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முறை. அறைக்குள் பாதிக்கூடு இன்னும் சிக்கியிருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் நோண்டாதீர்கள். அதை எடுப்பதற்கென்றே சிறிய கருவி உண்டு. ராணுவத்தில் மெஷின்கன் பிரிவுகள் அதைக் கையோடு வைத்திருப்பார்கள்.

ரைபிள் பத்திரமானது என்று தெரிந்த பிறகு, ஏன் சிதறுகிறது என்ற கேள்வி. நூறு மீட்டரில் ஒரு சாண் சிதறலை மருந்தின் அளவை மாற்றிச் சரிசெய்ய முடியாது. மருந்து நாலு விரலை மூன்று விரல் ஆக்கும். சாண் அகலச் சிதறலுக்குக் காரணம் மரத்திலும் இரும்பிலும் இருக்கிறது. ஸ்கோப் தாங்கியின் திருகுகளை முதலில் பாருங்கள். அவை தளர்ந்திருந்தால் மற்ற எல்லாச் சோதனையும் வீண்.

அடுத்தது குழல் முனை. ராணுவத்தில் கயிற்றில் துணியைக் கட்டிக் குழலுக்குள் இழுத்துத் துடைப்பார்கள். மணல் ஒட்டிய கயிறு வருடக்கணக்கில் ஒரே பக்கமாக உரசினால் முனை ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிடும். குண்டு குழலை விட்டு வெளியேறும் கடைசி நொடியில் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு அதை உதைத்துத் தள்ளும். முனையைச் சிறிது வெட்டிப் புதிதாக வாய் எடுப்பது பட்டறைக்கு அரைநாள் வேலை; பலன் மிகப் பெரிது. குழலுக்குள் பல தலைமுறைச் செம்பு படிந்திருக்கும். அதைக் கரைக்கும் திரவத்தைப் பொறுமையாகப் பல நாள் ஊறவைத்து எடுங்கள். பழைய ராணுவத் தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது உப்பாகக் குழலில் தங்கி, ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கும். குளச்சல் கரையில் சன்னல் கம்பி எப்படி அரிக்கிறது என்று பார்த்து வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. எண்ணெயில் உப்பு கரையாது. அப்படிப்பட்ட தோட்டாவைச் சுட்டால் அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் எண்ணெய்.

இனி கட்டை. மாற்றியமைத்த லீ-என்ஃபீல்டுகளில் நான் அதிகம் கவலைப்படும் இடம் இதுதான். ராணுவ வடிவில் முன்கட்டை கிட்டத்தட்டக் குழலின் முனைவரை நீளும். நம்பர் 4இல் கட்டையின் நுனி குழலைச் சில பவுண்டு விசையோடு மேல்நோக்கித் தாங்கும்; நம்பர் 1இல் முனைத்தொப்பிக்குள் சிறிய வில் அந்த வேலையைச் செய்யும். குழல் மெல்லியது. வெடிக்கும்போது அது அதிரும். அந்த அதிர்வை ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வைத்திருக்கத்தான் இத்தனை ஏற்பாடும். வேட்டைக்காகக் கட்டையைப் பாதியில் அறுத்தவர், எடையைக் குறைத்தபோது இந்தத் தாங்கலையும் சேர்த்து எறிந்துவிட்டார். இப்போது குழல் அறுத்த கட்டையின் மேல் எங்கோ ஒரு பக்கம் உரசிக்கொண்டு கிடக்கும். சூடானால் ஒரு பக்கம், ஈரமானால் இன்னொரு பக்கம்.

அதைவிட முக்கியம் முன்கட்டையின் பின்முனை. வெடியின் உதையை இரும்பு உடலிலிருந்து முன்கட்டை வாங்கிக்கொள்ளும் இடம் அங்கே இரு பக்கமும் உள்ள சிறிய முகங்கள்தான். எழுபது எண்பது வருட எண்ணெயில் ஊறி மரம் மெத்தென்றாகியிருக்கும், அல்லது காய்ந்து சுருங்கியிருக்கும். ஒரு பக்கம் படிந்து மறுபக்கம் இடைவெளி இருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் உடல் ஒரு புறமாகத் திரும்பி உட்காரும். நம் ஊர் ஆசாரி உத்தரத்தைப் பொருத்தும்போது இரண்டு கன்னமும் ஒருசேர அமர்கிறதா என்று கரி தடவிப் பார்ப்பாரே, அதே வேலைதான் இங்கேயும். இரும்பில் லேசாகக் கறுப்பு மை தடவி, கட்டையைப் பொருத்தி, திருகை இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். மை இரண்டு பக்கமும் சமமாகப் படிய வேண்டும். படியாவிட்டால் மெலிந்த மரத்தை எடுத்துவிட்டுக் கடினமான மரத்துண்டைப் பதிக்கலாம், அல்லது எபாக்ஸி ஊற்றி வார்க்கலாம். இரும்பில் மெழுகு பூசாமல் எபாக்ஸி ஊற்றினால் கட்டையும் ரைபிளும் பிரியாது. அதை மறக்காதீர்கள்.

குழலைக் கட்டையில் தொடாமல் விடுவதா, நுனியில் தாங்கல் கொடுப்பதா என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டாம். விசிட்டிங் கார்டு தடிமனில் அட்டைகளை வெட்டி, கட்டையின் நுனியில் குழலுக்கு அடியில் ஒன்று, பிறகு இரண்டு என்று வைத்துச் சுட்டுப் பாருங்கள். எதுவும் வைக்காமல், எங்கும் தொடாதபடி சுரண்டிவிட்டும் பாருங்கள். லீ-என்ஃபீல்டின் மெல்லிய குழல்கள் பலவும் சிறிது தாங்கலைத்தான் விரும்புகின்றன. உங்களுடையது எதை விரும்புகிறது என்று குறிக்காகிதம் சொல்லும். இந்தச் சோதனையை ஒரே வகைக் கடைத் தோட்டாவில் செய்யுங்கள். இதை முடிக்காமல் மருந்தைத் தொட்டால் எது எதனால் மாறியது என்று ஒருபோதும் தெரியாது.

இத்தனைக்கும் பிறகு தோட்டா நிரப்புவது பற்றிப் பேசலாம். முதலில் குழலின் உள்ளளவு. குழலின் உட்சுவரில் குண்டைச் சுழற்றிவிடும் திருகுப் பள்ளங்களும், அவற்றுக்கு நடுவே மேடுகளும் உண்டு. .303 அங்குலம் என்பது மேடுகளுக்கு இடைப்பட்ட அளவு. பள்ளங்களின் அளவு ஏட்டில் 0.313 அங்குலத்தை ஒட்டி இருக்கும், நடைமுறையில் 0.311இலிருந்து 0.316க்கு மேல்வரைகூடக் காணலாம். போர்க்கால அவசரமும் பிற்காலத் தேய்மானமும் சேர்ந்த விளைவு அது. மென்மையான ஈயத்துண்டைக் குழலுக்குள் தட்டித் தள்ளி வெளியே எடுத்து அளக்க வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. என்ஃபீல்டு குழலில் பெரும்பாலும் ஐந்து பள்ளம். ஒற்றைப்படை என்பதால் ஒரு பள்ளத்துக்கு நேர் எதிரே மேடுதான் வரும். சாதாரண மைக்ரோமீட்டர் வைத்தால் உண்மையைவிடக் குறைந்த அளவே காட்டும். மூன்று முனையில் தாங்கும் மைக்ரோமீட்டர் இருக்கும் பட்டறையில் கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். போர்க்கால நம்பர் 4களில் இரண்டே பள்ளம் உள்ளவையும் உண்டு. அவற்றை அளப்பது எளிது.

கடைகளில் .303க்கென்று விற்கும் குண்டுகள் 0.311, 0.312 அங்குலம். 0.308 அங்குலக் குண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அது குழலில் பிடிமானமே இல்லாமல் போகும். உங்கள் குழல் 0.314க்கு மேல் இருந்தால் கிடைப்பதில் பெரியதையும் அடி தட்டையானதையும் எடுங்கள். பின்பக்கம் படகுபோல் ஒடுங்கிய குண்டுகள் தேய்ந்த குழலில் அழுத்தத்தைச் சரியாக அடைக்காது. தட்டை அடி அடைக்கும். எடையில் 174, 180 கிரெயின்களில் தொடங்குங்கள். இந்தக் குழலின் பள்ளங்களுடைய முறுக்கு பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று. 19ஆம் நூற்றாண்டின் 215 கிரெயின் மொட்டைமூக்குக் குண்டுக்காக அமைந்த முறுக்கு அது. எனவே கனமான, நீளமான குண்டு இதற்கு ஒத்துவரும். 1910இல் வந்த மார்க் 7 என்ற ராணுவத் தோட்டாவின் குண்டு 174 கிரெயின்தான். ஆனால் மூக்குக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ நார்ப்பொருளோ வைத்திருந்ததால், எடைக்கு மிஞ்சிய நீளம் அதற்கு இருந்தது. வேட்டைக்கு மென்மூக்குக் குண்டு மட்டுமே. முழு உலோக உறை போட்ட குண்டு மானைத் துளைத்துக்கொண்டு போய்விடும். அது காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். அந்தப் பாவம் வேண்டாம்.

கூடுகள் விஷயத்தில் சிக்கனம் கூடாது. ஒரே கம்பெனியின் புதுக்கூடுகள், நடுவில் ஒரே துளை உள்ளவையாக வாங்குங்கள். ராணுவக் கழிவுக்கூடுகள் பலவற்றில் இரண்டு சிறு துளைகள் இருக்கும். அவற்றின் கேப்பை வழக்கமான கருவியால் தள்ளி எடுக்க முடியாது. முதல் தடவை சுடும்போது விளிம்புக்கு முன்னால் கூட்டைச் சுற்றிச் சிறிய ரப்பர் வளையம் ஒன்றைப் போட்டு அறைக்குள் விடுவது லீ-என்ஃபீல்டுக்காரர்களின் பழைய வழக்கம். வளையம் கூட்டைப் போல்ட் முகத்தோடு அழுத்திப் பிடிப்பதால், பித்தளை அடியில் இழுபடாமல், கழுத்துக்குக் கீழே சரியும் தோளில் முன்னோக்கி விரியும். இதற்கு மிதமான, மருந்துக் கம்பெனியின் ஏட்டில் உள்ள தொடக்க அளவு மருந்தே போதும். இடைவெளி தவறாக உள்ள ரைபிளுக்கு இது மருந்து ஆகாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். முன்னால் சொன்ன கேஜ் சோதனையில் தேறிய ரைபிளுக்குத்தான் இந்த உபாயம்.

அப்படி விரிந்த கூடு உங்கள் அறைக்கு அளவெடுத்துத் தைத்ததாகிவிடும். அதன் பிறகு, கூட்டை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையில், கழுத்தை மட்டும் சுருக்கும் வகையைப் பயன்படுத்துங்கள். முழு உடலையும் சுருக்கும் டை கடையில் முதலில் கைக்கு வரும். அது ஒவ்வொரு தடவையும் தோளைப் பழைய இடத்துக்குத் தள்ளும், அடுத்த வெடியில் பித்தளை மறுபடி இழுபடும். சில சுற்றுகளிலேயே கூடு அறுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கழுத்தை மட்டும் சுருக்கிய கூடுகள் வேறொருவர் ரைபிளுக்குள் போகாமல் போகலாம். பெட்டியின் மேல் உங்கள் ரைபிளின் எண்ணை எழுதி வையுங்கள். கூட்டின் நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டக் கூடாது; தாண்டினால் 2.212க்கு வெட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் நிரப்பும் முன், நுனி வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு அடியிலிருந்து மேலே உரசி இழுங்கள். உள்ளே ஒரு பள்ளத்தில் கம்பி தட்டுப்பட்டாலோ, வெளியே அதே இடத்தில் பளபளவென்று வளையம் தெரிந்தாலோ, கூட்டை நசுக்கி எறியுங்கள். அறையும் கூடும் எண்ணெய்ப் பசை இல்லாமல் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காது. உதை முழுவதும் போல்ட்டின் மேல் விழும்.

மருந்துக்கு வந்துவிட்டோம். நீங்கள் கேட்ட எண்ணை நான் தரப்போவதில்லை. ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம்கூட இல்லை. குண்டு, கூடு, கேப், மருந்து இவற்றில் ஒன்று மாறினாலும் அந்த எண் மாறும். அந்த எண்ணுக்கு உரிய இடம் மருந்து செய்யும் கம்பெனி சோதித்து அச்சிட்ட ஏடு. ஆஸ்திரேலிய மருந்துகளில் ஏஆர் 2208 இந்த எடைக் குண்டுகளுக்குப் பொருத்தமான நடுத்தர வேகத்தில் எரியும். கூட்டை ஓரளவு நிறைக்கவும் செய்யும். அது முக்கியம். கூட்டில் கொஞ்சமாகக் கிடக்கும் வேக மருந்தை எடுத்தால், தவறி இரண்டு தடவை ஊற்றிவிட்டாலும் வெளியே தெரியாது. நிறைக்கும் மருந்து இரண்டாவது தடவையில் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். கம்பெனியின் சமீபத்திய ஏட்டில் உள்ள தொடக்க அளவில் ஆரம்பித்து, அரை கிரெயின் அரை கிரெயினாக மேலே போங்கள். மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மருந்து டப்பா. தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு காட்டுவதாக இருக்கட்டும். கோட்டாறு நகைக்கடையில் பார்க்கும் கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் தராசுகூட இந்த வேலைக்குச் சற்று முரடு. அதன் ஒரு படியே கிரெயினில் பத்தில் ஒன்றரைப் பங்கு.

எங்கே நிறுத்துவது? அமெரிக்கத் தரப்படி .303 தோட்டாவின் அழுத்தத்துக்கு மேல்வரம்பு ஒரு சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு. .308 என்ற வேறு வகைத் தோட்டாவுக்கு அது 62,000. இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன் தோட்டாக்கள் என்பதால் பலர் .303ஐ .308 ஆக்க முயல்கிறார்கள். வேண்டாம். கேப் தட்டையாவது, போல்ட் கனமாவது போன்ற எச்சரிக்கைகள் இந்த அழுத்தத்தில் தாமதமாகத்தான் தெரியும். தெரியும்போது வரம்பு கடந்திருக்கும். நம்பத்தக்க அடையாளம் குண்டின் வேகம்தான். வேகமானி ஒன்றை வாங்குங்கள் அல்லது சங்கத்தில் இரவல் கேளுங்கள். உங்கள் குழல் நீளத்துக்கு ஏடு சொல்லும் உச்ச வேகம் வந்துவிட்டால், தராசில் இன்னும் இடம் இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். மார்க் 7இன் வேகம் நொடிக்கு 2,440 அடி. இந்த ரைபிளின் ராணுவக் குறிமுட்கள் அந்த வேகத்தைச் சுற்றி அமைந்தவை. குண்டுகள் நெருங்கி விழும் நல்ல கூட்டம் பெரும்பாலும் அதற்குச் சற்றுக் கீழேயே கிடைக்கும். முந்நூறு மீட்டருக்குள் சுடும் வேட்டைக்காரருக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. வெயிலில் காருக்குள் கிடந்த தோட்டா அதிக அழுத்தம் காட்டும் என்பதால், சோதனையை உங்கள் ஊர் கோடையிலும் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

குண்டை எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது என்று குழம்ப வேண்டாம். பழைய கார்டைட் மருந்து மிகச் சூடாக எரிந்து, குழலின் தொடக்கப் பள்ளங்களை அரித்துத் தொண்டையை நீளமாக்கியிருக்கும். குண்டை அந்தப் பள்ளங்களைத் தொடும்படி வெளியே இழுத்து வைத்தால், தோட்டா ரைபிளின் மேகசின் பெட்டிக்குள் போகாது. தோட்டாவின் மொத்த நீள வரம்பு 3.075 அங்குலம். அதற்குள், கழுத்து குண்டை நன்றாகப் பிடிக்கும்படி வையுங்கள். ஏட்டில் உள்ள நீளமே போதும்.

சுட்டுப் பார்ப்பதில் பொறுமை வேண்டும். மூன்று குண்டு ஒன்றாக விழுந்ததைப் புகைப்படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. மூன்று தற்செயலாகவும் விழும். ஒவ்வொரு அளவிலும் ஐந்து சுட்டு, தேறியதை இன்னொரு நாள் பத்து சுட்டு உறுதி செய்யுங்கள். மெல்லிய குழல் சூடானால் நடக்கத் தொடங்கும். கையால் தொட முடிகிற சூட்டில் மட்டும் அடுத்ததைச் சுடுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று என்ன செய்யும் என்று அறிந்தவர் நீங்கள். தென் தீவின் பள்ளத்தாக்குக் காற்றும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். காலையில் காற்று எழும் முன்பே முடித்துவிடுங்கள். வேட்டைக்காரருக்குப் பத்துக் குண்டின் கூட்டத்தைவிட, குளிர்ந்த சுத்தமான குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதே பெரிது. அதைத் தனித்தாளில், வெவ்வேறு நாட்களில் குறித்து வாருங்கள்.

நூறு மீட்டரில் ஆறு, ஏழு சென்டிமீட்டருக்குள் கூட்டம் வந்தால் அந்த ரைபிள் தன் கடமையைச் செய்துவிட்டது. சில குழல்கள் அதற்குள்ளும் அடிக்கும். தொண்டை அடியோடு தேய்ந்த குழல் எவ்வளவு உழைத்தாலும் பத்துக்குக் கீழே வராது. அப்போது தூரத்தைக் குறைத்துக்கொண்டு, நூறு மீட்டருக்குள் வரும் மானை மட்டும் சுடுங்கள், அல்லது புதுக்குழல் போடுங்கள்.

இப்போதைக்கு கேஜ் அளவு, ஈயத்துண்டின் அளவு, போல்ட்டிலும் உடலிலும் உள்ள எண்கள் ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள் தம்பி. மை தடவிக் கழற்றிய கட்டையின் பின்முனையைப் பகல் வெளிச்சத்தில் இரு பக்கமும் படம் எடுத்து அதனுடன் வையுங்கள். குண்டை எதில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.